தாண்டிக்குடி ஜீப்புக்கு மூன்றாவது இன்ஜின்

2022 ஜனவரி, காப்பிப் பழம் எடுக்கும் நேரம். மலையூரான தாண்டிக்குடியில் மாமாவின் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வரும் மண்பாதையின் கடைசி ஏற்றத்தில், எட்டு மூட்டை ஏற்றிய ஜீப் மேலே வர முடியாமல் நின்றுவிட்டது. இன்ஜின் இறுகி நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. இழுக்கத்தான் சக்தி இல்லை. பின்னால் நீலப் புகை, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாயில் ஆயில் ஆவி. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் அதன் நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து வத்தலக்குண்டில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். நான் 16 வருடமாக டீசல் வண்டி பார்க்கிறேன். மாமா வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "ஓவராயில் பண்ணி அஞ்சு வருசங்கூட முழுசா ஆகல மாப்ள. இதுக்கு மேல இதுல காசு போட வேணாம். வேற இன்ஜின வச்சிருவோம்." ஓவராயில் என்றால் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிக் கட்டுவது.

"வச்சிரலாம் மாமா. ஆனா இது எதனால செத்துச்சுன்னு பாக்காம வச்சா, அதுவும் இதே மாதிரிதான் சாகும்."

அன்று தொடங்கிய வேலை முடிய ஏழு மாதம் ஆனது. இன்ஜினுக்கு ஆன நேரத்தைவிட அதைச் சுற்றியிருந்தவற்றுக்குத்தான் அதிக நேரம் ஆனது. எந்தக் கோளாறும் அது வெளியே தெரிந்த இடத்தில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒரு பாகம் தள்ளியே உட்கார்ந்திருந்தது. பழைய ஜீப்பில் கை வைக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டியின் பூர்வீகம்

இது சிஜே-3பி. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-இல் கொண்டுவந்த மாடல். அந்த உரிமத்தை வாங்கி மஹிந்திரா இங்கே பல ஆண்டுகள் செய்தது. மாமாவின் வண்டி 1974 பதிவு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம்தான், அதாவது 2,032 மி.மீ. கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்புவதற்கு இந்தக் குட்டை உடம்புதான் காரணம்.

இதன் பானெட் மற்ற பழைய ஜீப்புகளைவிட உயரமாக இருக்கும். அந்த மாடலில் வந்த ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் முந்தையதைவிட உயரம். 2,199 சிசி, நான்கு சிலிண்டர், 4,000 சுற்றில் 70 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். உள்ளே வரும் காற்றுக்கான வால்வு மேலே, சிலிண்டர்களின் மூடியான ஹெட்டிலும், புகை போகும் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும் அமைப்பு. அந்த இன்ஜினுக்கு இடம் கொடுக்கவே பானெட்டைத் தூக்கினார்கள். ஏறத்தாழ 70 வருடம் கழித்து நாங்கள் டீசல் இன்ஜின் வைக்கும்போது அந்த உயரம்தான் எங்களைக் காப்பாற்றியது.

பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் 1989-இல் மாமாவின் அப்பா அதை டீசலுக்கு மாற்றினார். வைத்தது எம்டி-2350 என்ற மஹிந்திரா டீசல் இன்ஜின். ஆர்சி புத்தகத்திலும் அப்போதே டீசல் என்று ஏற்றி வாங்கிவிட்டார். அந்த ஒரு முன்யோசனைக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அந்த இன்ஜின் டிராக்டர் வழி வந்தது. 1963-இல் மஹிந்திராவும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்து டிராக்டர் கம்பெனி தொடங்கி, பி-275 டிராக்டரை இங்கே செய்தார்கள். அந்தக் குடும்பத்து டீசல்தான் பின்னாளில் ஜீப்புக்குள்ளும் வந்தது. வேகம் குறைவு, இழுவை அதிகம், கை வைத்து வேலை பார்க்க எளிது. குளிர் காலையில் ஹீட்டர் பிளக் சிவக்கும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செத்த இன்ஜினைத் திறந்தபோது

கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்த்தேன். 20, 17, 21, 18 கிலோ. ஆரோக்கியமான டீசலில் 25-க்கு மேல் எதிர்பார்ப்போம். நான்கும் குறைவு, நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைவு. ஒரு சிலிண்டர் மட்டும் போயிருந்தால் வால்வு, கேஸ்கெட், டீசல் தெளிக்கும் நாசில் என்று தேடலாம். நான்கும் சேர்ந்து தேய்ந்தால் காரணம் நான்குக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். பொதுவாக உள்ளவை இரண்டு: உள்ளே போகும் காற்று, சுற்றி ஓடும் ஆயில்.

ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான லைனரில் விரல் வைத்தேன். மேல் விளிம்பிலிருந்து சற்றுக் கீழே, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் திரும்பும் இடத்தில், நகம் தடுக்கும் அளவுக்குப் படிக்கட்டு. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க போர் கேஜ் வேண்டும் என்பதில்லை. ஒரு புது ரிங்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் போதும். ரிங்கை லைனரின் அடியில், பிஸ்டன் ரிங் உரசாத இடத்தில், நேராக உட்கார வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்தேன்: 0.35 மி.மீ. அதே ரிங்கை மேலே அந்தப் படிக்கட்டுக்குக் கீழே வைத்து அளந்தேன்: 1.95 மி.மீ. வித்தியாசம் 1.6. சுற்றளவில் 1.6 கூடினால் விட்டத்தில் அதை 3.14-ஆல் வகுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர்! ஐந்து வருடம்கூட ஓடாத லைனரில் அரை மில்லிமீட்டர் என்பது தேய்மானம் இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி.

அடுத்து, எது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். மேல் ரிங் கத்தி மாதிரி மெலிந்திருந்தது. கீழே உள்ள ஆயில் ரிங் பரவாயில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் செல் பேரிங்குகளைப் பிரித்தால் அவை கொஞ்சம் கீறியிருந்தனவே தவிர மோசமில்லை. இதுதான் துப்பு. அழுக்கு ஆயில் வழியாக வந்திருந்தால் பேரிங்கும் ஆயில் ரிங்கும்தான் முதலில் போயிருக்கும். லைனரின் மேல்பகுதியும் மேல் ரிங்கும் முதலில் போனால், தூசி காற்றோடு வந்திருக்கிறது என்று பொருள்.

காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி உள்ளே விரல் விட்டுத் தடவினேன். விரல் நுனியில் செம்மண், ஆயில் ஆவியோடு குழைந்து, நெற்றியில் இட அரைத்த சந்தனம் போல வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. மாமா அதை வாங்கித் தன் விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது நம்ம பாதை மண்ணுல்ல" என்றார்.

ஏர் கிளீனரில் குறை இல்லை. ஆயில் ஊற்றும் பழைய வகைதான், மாமா வாராவாரம் கழுவி ஆயில் மாற்றியிருக்கிறார். ஓட்டை அதற்கு அடுத்த பாகத்தில் இருந்தது. ஏர் கிளீனரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் வளைந்த ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், வளைவின் உள்மடிப்பில், இரண்டு அங்குல நீளத்துக்கு வெடிப்பு. மேலே இருந்து பார்த்தால் ஹோஸ் முழுதாக இருக்கும். இன்ஜின் ஓடும்போது உறிஞ்சும் வேகத்தில் அந்த வெடிப்பு வாய் திறக்கும். 2,350 சிசி இன்ஜின் 2,000 சுற்றில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,20,000 லிட்டர் காற்றை இழுக்கும். அதில் ஒரு பங்கு வடிகட்டாமல், முன்சக்கரம் கிளப்பும் புழுதிக்குப் பக்கத்திலிருந்தே போயிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன் ஓவராயில் செய்த பட்டறையில் லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஹோஸ் மட்டும் பழையதே. அதற்கு முந்தைய ஓவராயிலும் சீக்கிரமே போனதற்கு இதே ஹோஸ்தான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புது இன்ஜின், அதாவது இன்னொரு பழைய இன்ஜின்

பழைய பிளாக்கிலேயே மறுபடி லைனர் போடலாமா என்று முதலில் யோசித்தேன். கிராங்க் ஏற்கெனவே இரண்டு முறை கிரைண்டிங் கண்டது. பிளாக்கில் தண்ணீர் ஓடும் பாதையில் அரிப்பு. உதிரி தேடி அலைய வேண்டியிருக்கும். மாமா சொன்ன மாதிரியே மாற்றுவது என்று முடிவானது.

எடுத்தது எம்டிஐ 3200. மஹிந்திராவின் 2,523 சிசி டைரக்ட் இன்ஜெக்ஷன் (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும்) டீசல், டர்போ இல்லாதது. பெயரில் இருக்கும் 3200 அதன் உச்ச சுற்று. போர், அதாவது சிலிண்டர் விட்டம், 88.9; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 101.6 மி.மீ. இந்த எண்கள் வினோதமாகத் தோன்றினால் அங்குலத்தில் பாருங்கள்: சரியாக 3½, சரியாக 4. அந்த டிராக்டர் குடும்பத்து ரத்தம் இதிலும் ஓடுகிறது. பொலிரோ ஓடும் ஊரில் எல்லாம் இதற்கு உதிரி கிடைக்கும். நாசில் போனால் ஒட்டன்சத்திரத்திலும் வாங்கலாம், தேனியிலும் வாங்கலாம். மலையில் ஓடும் வண்டிக்குக் குதிரைத்திறனைவிட இதுதான் எனக்குப் பெரிது.

விபத்தில் அடிபட்ட ஒரு வண்டியிலிருந்து இன்ஜினை வாங்கினோம். பில், அந்த வண்டியின் ஆர்சி நகல், இன்ஜின் எண்ணின் பென்சில் தேய்ப்பு மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். எண் சுரண்டப்பட்ட இன்ஜின் பாதி விலைக்குக் கிடைக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஓடுகிற இன்ஜின்தான், ஸ்டார்ட் செய்தே காட்டினார்கள். இருந்தாலும் முழுக்கப் பிரித்தேன். லைனர்-பிஸ்டன் செட் புதிது. கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதியான ஜர்னலை மைக்ரோமீட்டரில் குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்தால் முட்டை வடிவம் தெரிந்தது. திண்டுக்கல்லில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் கொடுத்து 10 தௌ இறக்கிக் கிரைண்டிங் செய்தோம். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கேற்ற சைஸ் பேரிங். ஹெட்டை பிரஷர் டெஸ்ட் செய்து, வால்வு சீட் வெட்டி, லேப்பிங் செய்து வாங்கினோம். பம்பும் நாசிலும் பம்ப் கடைக்குப் போய் கேலிபரேஷன் ஆகி வந்தன.

ஒரு விஷயத்தைப் பக்கத்தில் நின்று காட்ட ஆசை. கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்க் கண்ணாடி மாதிரி மின்னியது. அப்படியே பூட்டத் தோன்றும். ஆனால் கிராங்குக்குள் ஆயில் போகும் துளைகள் சாய்வாகக் குறுக்கே ஓடுகின்றன. கிரைண்டிங் கல்லின் தூள் போய் உட்காருவது அங்கேதான். பால்புட்டி கழுவும் மெல்லிய பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு துளையாக விட்டு இழுத்தேன். முதல் இழுப்பில் கறுப்பு. இரண்டாவதில் சாம்பல் நிறம், அதில் வெயில் பட்டால் மினுக்கும் பொடி. பிறகு காற்று அடித்து, வெள்ளை வேட்டித் துணியைக் கம்பியில் சுற்றி விட்டு, அது வெள்ளையாகவே திரும்பி வரும் வரை செய்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்தப் பொடி உள்ளே இருந்திருந்தால் புது பேரிங் முதல் பத்து நிமிடத்திலேயே கீறியிருக்கும். பிளாக்கின் ஆயில் கேலரி அடைப்புகளையும் கழற்றி இதேபோலத் துலக்கினேன்.

பூட்டும்போது, நசுங்கும் அளவை வைத்து இடைவெளி காட்டும் பிளாஸ்டிக் இழையான பிளாஸ்டிகேஜ் வைத்துப் பேரிங் இடைவெளி பார்த்தேன். ஜர்னல் விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பழைய கணக்கு, அதற்குப் பக்கத்தில் வந்தது. ரிங் வாய் இடைவெளியை நான்கு சிலிண்டரிலும் தனித்தனியாக அளந்தேன். 3½ அங்குல போருக்கு 10 முதல் 14 தௌ வரை இருக்கலாம். ஒரு ரிங்கில் 7-தான் வந்தது, அரம் போட்டுத் திறந்தேன். டைரக்ட் இன்ஜெக்ஷனில் பிஸ்டன் பிளாக் முகத்துக்கு எவ்வளவு மேலே எட்டிப் பார்க்கிறது என்பது முக்கியம். நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜில் நான்கையும் பார்த்த பிறகே ஹெட் கேஸ்கெட் வைத்தேன்.

கியர் நழுவும் மர்மம்

இந்த ஜீப்புக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரும்போது லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். அய்யம்பாளையம் இறக்கத்தில் மாமா ஒரு கையால் ஸ்டீயரிங்கையும் ஒரு கையால் கியர் லீவரையும் பிடித்துக்கொண்டே இறங்குவார். கியர்பாக்ஸ் டி-90, மூன்று கியர். இது நழுவும் குணமுள்ள பெட்டி என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு தடவை கியர் செட் மாற்றியும் சரியாகவில்லை.

எனக்கு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங் மேல் சந்தேகம். 1989-இல் டீசலை வைத்தபோது, இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே ஒரு இரும்புத் தகட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். பழைய இன்ஜினை வெளியே எடுப்பதற்கு முன், கியர்பாக்ஸை மட்டும் இறக்கிவிட்டு, டயல் கேஜின் காந்தக் காலை ஃபிளைவீலில் ஒட்டி, முள்ளை பெல் ஹவுசிங்கின் நடுத்துளையின் உள்சுவரில் வைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். முள் 0.9 மி.மீ. ஆடியது. கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடம் அது. அதாவது கிராங்கின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் விலகியே 33 வருடம் ஓடியிருக்கின்றன. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்க கிராங்க் முனையில் உள்ள பைலட் புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் துளை நீள்வட்டமாக இருந்தது. இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து கியரைப் பல்லிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம், அந்தக் கியர்பாக்ஸ் மேல் குற்றமே இல்லை.

புது இன்ஜினுக்குப் புதுத் தகடு வெட்டினோம். இதில் வேலையின் வரிசைதான் சூட்சுமம். இடத்தை உறுதிப்படுத்தும் ஆணியான டவல் பின்னை முதலிலேயே அடித்துவிட்டால் அது சொன்ன இடத்தில்தான் ஹவுசிங் உட்காரும். அதனால் போல்ட் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக விட்டு, தகட்டையும் பெல் ஹவுசிங்கையும் லேசாகப் பூட்டி, டயல் கேஜைப் பார்த்துக்கொண்டே மரச் சுத்தியால் தட்டித் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்தோம். பாயின் மகன் கிராங்கைச் சுற்ற, நான் தட்ட, பாய் முள்ளைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் மேல... போதும் போதும்" என்றார். 0.12-இல் நின்றது. போல்ட்டை முறுக்கிவிட்டு மறுபடி பார்த்தோம், நகரவில்லை. அப்புறம்தான் டவல் பின்னுக்குத் துளை போட்டு ரீமர் ஓட்டினோம். ஹவுசிங்கின் பின்முகம் சாயாமல் இருக்கிறதா என்றும் அதே கேஜில் பார்த்தோம். கன்மெட்டலில் புது பைலட் புஷ் கடைந்து போட்டோம். தகட்டின் தடிமன் கூடினாலோ குறைந்தாலோ இன்புட் ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பது மாறிவிடும் என்பதால், அந்த ஆழத்தையும் முன்கூட்டியே அளந்துவிட்டோம்.

அதே டி-90, அதே பழைய கியர் செட். அதன் பிறகு ஒரு தடவைகூட நழுவவில்லை.

சுற்றியுள்ள வேலைகள்

சேஸிஸைக் கழுவியதும் இடதுபக்க இன்ஜின் மவுண்டிங்குக்குக் கீழே மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்தது. மவுண்டிங் ரப்பருக்குப் பதிலாக யாரோ கன்வேயர் பெல்ட் துண்டை வைத்திருந்ததால் அதிர்வு முழுவதும் சேஸிஸில் இறங்கியிருக்கிறது. வெடிப்பின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, கிரைண்டரில் பள்ளம் எடுத்து வெல்டிங் செய்து, மேலே வைர வடிவத்தில் ஒரு பிளேட் வைத்தோம். செவ்வகப் பிளேட் வைத்துக் குறுக்கே செங்குத்தாக வெல்டிங் இழுத்தால் அந்தக் கோட்டிலேயே மறுபடி வெடிக்கும். மவுண்டிங் இரண்டும் கம்பெனி ரப்பர்.

இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப் முன் ஆக்ஸிலில் இடிக்குமா என்று பார்க்க, ஜாக்கி வைத்து ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும் வரை தூக்கினோம். முக்கால் அங்குலம்தான் மிச்சம் இருந்தது. ஸ்பிரிங் பட்டை பழையதாகித் தொய்ந்திருந்ததும் ஒரு காரணம். முன்பக்கம் ஒரு பட்டை கூட்டியதும் வண்டி நிமிர்ந்தது.

கூலிங்கில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நம் பக்கத்தில், தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம், இந்த வண்டியிலும் இல்லை. வண்டி சூடாகாது என்று நினைத்துச் செய்வது. 1,300 மீட்டருக்கு மேலே மார்கழிக் காலையில் தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் நெடுநேரம் பச்சைத் தண்ணீராகவே ஓடும். எரியாத டீசல் லைனரில் வழிந்து ஆயிலைக் கழுவும், தேய்மானம் கூடும். சரியாகத் திறக்கிறதா என்று வெந்நீரில் போட்டுப் பார்த்து, புதிதாக ஒன்று வைத்தேன். ஏற்றத்தில் இந்த வண்டி சூடானதற்கு உண்மைக் காரணம் வேறு இடத்தில் இருந்தது: ஃபேனைச் சுற்றிக் கூண்டு இல்லை. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் முதல் கியரில் ஏறும்போது வண்டி நடைவேகத்தில் போகிறது. எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் மட்டும்தான். கூண்டு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்குப் பதில் தன் ஓரத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி வீசும். தகரத்தில் ஒரு கூண்டு மடித்துப் பூட்டினோம்.

கியர் கணக்கையும் போட்டுக்கொண்டேன். இந்த ஜீப்பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் 43 பல், பினியன் 8 பல்: 5.375. டி-90-இன் முதல் கியர் 2.798, முன்-பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.46. மூன்றையும் பெருக்கினால் 37. 6.00-16 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.26 மீட்டர் உருளும். அப்படியென்றால் லோ ரேஞ்ச் முதல் கியரில் 2,000 சுற்றுக்கு மணிக்கு 7 கிலோமீட்டர்தான். ஏற்றத்துக்கு அருமை. டாப் கியரில் இன்ஜினின் உச்சமான 3,200-இல் மணிக்கு 80 கிலோமீட்டர். கிரவுன்-பினியனை மாற்றி வேகம் கூட்டலாமே என்று பட்டறைக்கு வந்த ஒரு தம்பி கேட்டார். 9 அங்குல டிரம் பிரேக் உள்ள வண்டி இது. 60-க்கு மேல் போக வேண்டிய அவசியம் இதற்கு இல்லை. அதைத் தொடவில்லை.

இனி காற்று. இத்தனை வேலைக்கும் மூலகாரணமே அதுதானே. பேப்பர் எலிமென்ட் ஏர் கிளீனரை, பெரிய தூசியைச் சுழற்றிக் கீழே தள்ளும் தொப்பியோடு, வலதுபக்கம் விண்ட்ஷீல்டுக்குப் பக்கத்தில் உயரமாக வைத்தோம். அங்கிருந்து மேனிஃபோல்டு வரை இரும்புக் குழாய். ரப்பர் இரண்டே இடத்தில், இரண்டும் நேராக, நான்கு அங்குலத்துக்கு மேல் நீளமில்லை, நூல் பின்னிய கனமான ஹோஸ். வளைவு முழுவதையும் இரும்பில் கொடுத்துவிட்டோம், ரப்பர் வெடிக்க மடிப்பே இல்லை. குழாய் முனைகளில் விளிம்பு எழுப்பி, கிளாம்ப் நழுவாமல் செய்தோம்.

ஆர்சி வேலையை இன்ஜினை இறக்குவதற்கு முன்பே தொடங்கிவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தாத்தா 1989-இலேயே டீசல் என்று ஏற்றி வைத்ததால் எங்கள் விண்ணப்பம் அதே கம்பெனி, அதே எரிபொருள், இன்ஜின் எண் மட்டும் மாற்றம் என்று போனது. வண்டியை நேரில் காட்டி, பில்லையும் பழைய ஆர்சி நகலையும் வைத்து எண்ணை ஏற்றி வாங்கினோம். பேப்பர் முடியாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடக்கூடும். ஆள் ஏற்றும் வண்டியில் அந்த ஆபத்தை நான் எடுக்க மாட்டேன்.

முதல் ஸ்டார்ட்

ஜூலை கடைசி. மாமா, அத்தை, பாய், பட்டறைப் பையன்கள் எல்லோரும் நின்றார்கள். டீசல் லைனில் ஏர் எடுத்தோம். டீசலை நிறுத்திவைத்து ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை பார்த்தோம். ஒரு பையனை மரப்பலகையோடு இன்டேக் வாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். புதிதாகக் கட்டிய டீசல் சில சமயம் தன் ஆயிலையே குடித்துக் கட்டுப்பாடில்லாமல் எகிறும். அப்போது சாவியைத் திருப்பினால் நிற்காது, காற்றை மூடினால்தான் நிற்கும். பலகைக்கு வேலை வரவில்லை. இரண்டாவது சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஹீட்டர் பிளக் இல்லை, காத்திருப்பும் இல்லை. அத்தை குத்துவிளக்குப் பார்த்த மாதிரி கையெடுத்துக் கும்பிட்டார்.

சூடானதும் முதல் சோதனை. ஐடிலில் ஓடும்போது ஏர் கிளீனரின் வாயைத் தட்டையான ரப்பர் ஷீட்டால் இறுக்கி மூடச் சொன்னேன். இன்ஜின் திணறி, குரல் இறங்கி, அணைந்துவிட்டது. அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் வேறெங்கோ ஓட்டை வழியாக மூச்சு விடுகிறது என்று அர்த்தம். பழைய இன்ஜினில் யாராவது இதை ஒரு தடவை செய்திருந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

புது ரிங் உட்காரும் வரை வண்டியை மெதுவாக, காலியாக ஓட்டச் சொல்வது வழக்கம். டீசலில் நான் அதைச் செய்வதில்லை. சுமை இல்லாமல் நெடுநேரம் ஐடிலில் விட்டால் லைனரில் ஆயில் நிற்கக் கீறிய ஹோனிங் கோடுகள் மேல் வார்னிஷ் மாதிரி படிந்து ரிங் உட்காராமலே போய்விடும். அரைச் சுமை ஏற்றி, சித்தரேவிலிருந்து தாண்டிக்குடி வரை மூன்று நாள், சுற்றை ஏற்றி இறக்கி ஓட்டினோம். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஹெட் போல்ட்டையும் வால்வுகளின் டாப்பெட் இடைவெளியையும் மறுபடி பார்த்தேன்.

14 மாதம் கழித்து கம்ப்ரஷன் பார்த்தபோது 28, 28, 27, 28. ஒரு ஆயில் மாற்றத்திலிருந்து அடுத்தது வரை மேலே ஊற்ற வேண்டியிருக்கவில்லை. மாமாவுக்கு இப்போது ஒரு புதுப் பழக்கம். மாதம் ஒரு தடவை மேனிஃபோல்டுக்குப் பக்கத்து கிளாம்பைத் தளர்த்தி, குழாய்க்குள் விரல் விட்டுத் தடவி, அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். ஒன்றும் இல்லை என்றால் எனக்குப் போன் செய்து சொல்கிறார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பெல் ஹவுசிங் அடியில் ஒரு சொட்டு ஆயில் கசிகிறது, கிராங்கின் பின் சீல்தான். அடுத்த அறுவடைக்கு முன் கியர்பாக்ஸை இறக்கி மாற்ற வேண்டும். இறக்கும்போது டயல் கேஜையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த 0.12 அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.